ஜப்பானிய எழுத்தின் உறுப்புக்களும் அவற்றின் பொருளும்

தமிழெழுத்தைக் கற்பவன் ஒலிகளைக் கற்கின்றான். ஜப்பானியருடைய எழுத்தைக் கற்பவனோ சொற்களையே கற்க வேண்டியவனாகின்றான். ஒலியைக் குறிக்கும் எழுத்துக்களும் ஜப்பானியரிடத்து உள. ஹிராகானா, கட்டகானா என்னும் அவ்விரு வரிசைகளையும் சில வாரங்களிற் பயின்றுவிடலாம். ஆயின், சீன தேசத்தினின்று அவர்கள் பெற்ற கான்ஜி என்னும் எழுத்துக்கள், ஒவ்வொன்றும் ஒரு சொல்லையோ சொல்லின் பகுதியையோ குறிப்பன. 2010-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார் திருத்தி வெளியிட்ட பொதுவழக்குப் பட்டியலில் 2,136 கான்ஜிகள் அடங்கியுள்ளன. அவற்றுள் 1,026 எழுத்துக்களை ஆரம்பப் பள்ளியின் ஆறு வகுப்புக்களிலேயே பிள்ளைகள் கற்கின்றனர். இவற்றைக் கோடு கோடாக நெட்டுருச் செய்தல் அரிது. ஆதலின், வயது வந்தபின் இம்மொழியைக் கற்கப் புகுவோர், எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, உறுப்பின் பொருளால் முழு எழுத்தின் பொருளை உணர முயல்கின்றனர். இம்முயற்சி நல்லதே. ஆயினும், அஃது எவ்வளவு தூரம் துணை செய்யும், எவ்விடத்தில் வழி தவறச் செய்யும் என்பதை அறிந்துகொண்டே அவ்வழியிற் செல்லுதல் வேண்டும்.

முதலாவது, ஓவியத்தினின்று பிறந்த எழுத்துக்களை நோக்குவோம். நேரே நின்ற கோடு ஒன்று, அதனைக் குறுக்கே வெட்டும் கோடு ஒன்று, இருபுறமும் சரிந்து இறங்கும் கோடுகள் இரண்டு. இஃது 'மரம்' என்னும் எழுத்து. மரம் இரண்டு அடுத்து நின்றால் தோப்பு. மூன்று கூடினால் காடு. மரத்தின் அடிப்பாகத்தில் ஒரு சிறு கோடு இட்டால் 'வேர், மூலம்' என்று பொருள்படும். உச்சியில் நீண்ட கோடு இட்டால் 'நுனி, முடிவு' என்று பொருள்படும். வேரைக் குறித்த அவ்வெழுத்தே பின்னர் நூலையும் குறிப்பதாயிற்று. வேருக்கும் மூலநூலுக்கும் 'மூலம்' என்னும் ஒரு சொல்லையே வழங்கும் நமக்கு இது வியப்பன்று. ஞாயிற்றைக் குறிக்கும் எழுத்தை இதற்கு முன் வைத்தால் 'ஞாயிற்றின் மூலம்' எனப் பொருள்பட்டு, ஜப்பான் என்னும் நாட்டின் பெயராகும். மரத்தின் பக்கத்தில் மனிதனை நிறுத்தினால் 'இளைப்பாறுதல்' என்னும் எழுத்தாகும். வெயிலில் நடந்து மர நிழலை அடைந்தவர் எவருக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை.

சில உறுப்புக்கள் பழைய வாழ்க்கையின் சான்றுகளாய் நிற்கின்றன. வாங்குதல், செல்வம், செலவு, வறுமை ஆகிய சொற்களின் எழுத்துக்கள் யாவற்றிலும் சோழியைக் குறிக்கும் உறுப்பு உண்டு. பண்டைச் சீனத்தில் சோழி பெருமதிப்புடைய பொருளாகக் கைமாறியமையே இதற்குக் காரணம். அவ்வாறே, புகைவண்டி நிலையத்தைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கத்தில் குதிரை நிற்கின்றது. அஞ்சற்குதிரைகளை மாற்றிக்கொள்ளும் நிலையங்களுக்கு ஏற்பட்ட எழுத்தே அது. குதிரைகள் போய், இருப்புப்பாதை வந்தபின்னும் எழுத்தில் உள்ள குதிரை அகலவில்லை.

ஜப்பானியர் தாமே படைத்துக்கொண்ட கான்ஜிகளும் சில உள. மலை, மேல், கீழ் என்னும் மூன்றையும் சேர்த்து 'தோகே' என்னும் எழுத்தை அமைத்தனர். ஏறிச் சென்று மறுபுறம் இறங்கும் மலைக்கணவாய் என்பது அதன் பொருள். நெருப்பையும் வயலையும் சேர்த்து, நீர் தேங்காத புன்செய் நிலத்தைக் குறித்தனர். தம் நாட்டுச் சொற்களுக்கென அமைத்தமையால் இவற்றிற் சீன ஒலியைக் காட்ட வேண்டுவதில்லை. எனவே, எல்லா உறுப்பும் பொருளையே காட்டுகின்றன.

இவற்றைக் கண்ட மாணாக்கன், எழுத்து ஒவ்வொன்றும் இத்தகைய கதையே என்று முடிவு செய்கின்றான். பிழை பிறக்கும் இடம் இதுவே. ஓவியங்களாகவும் பொருட்கூட்டாகவும் அமைந்த எழுத்துக்கள் சிறுபான்மையே. பெரும்பான்மையான கான்ஜிகளில் ஓர் உறுப்பு பொருளின் இனத்தைக் காட்ட, மற்றோர் உறுப்பு ஒலியைக் காட்டுகின்றது. முன்னதைப் பொருளுறுப்பு என்றும், பின்னதை ஒலியுறுப்பு என்றும் அழைப்போம். ஒரே உறுப்பு ஓரிடத்திற் பொருளுறுப்பாகவும் மற்றோரிடத்தில் ஒலியுறுப்பாகவும் வருதல் கூடும்.

வாயிலைக் குறிக்கும் எழுத்தே இதற்கு ஏற்ற உதாரணம். இரு கதவுகள் எதிரெதிரே நிற்கும் வடிவுடைய அதன் சீனவழி ஒலி 'மோன்'. கதவுகளுக்கு நடுவே ஞாயிற்றை வைத்தால் 'இடைவெளி' என்று பொருள்படும். அதன் ஒலி 'கான்'. கதவிடுக்கின் வழியே ஒளி புகுதலைக் காட்டும் பொருட்கூட்டு இது. பழைய வடிவில் ஞாயிற்றின் இடத்தில் திங்களே இருந்தது. கதவுகளுக்கு நடுவே வாயை வைத்தால் 'வினாவுதல்' என்று பொருள்படும். அதன் ஒலியோ 'மோன்'. செவியை வைத்தால் 'கேட்டல்'. அதற்கு 'மோன்' என்றும் 'பூன்' என்றும் ஒலி. வாயிலில் நின்று வினவுகின்றான், வாயிலிற் செவி வைத்துக் கேட்கின்றான் என்று கதை கட்டுதல் எளிது. ஆயினும், பின்னைய இரண்டிலும் வாயில் என்னும் உறுப்பு தன் ஒலியைத் தரவே வந்துள்ளது. பொருளைத் தருவன வாயும் செவியுமே.

நீலம் அல்லது பசுமை என்னும் நிறத்தைக் குறிக்கும் எழுத்தின் ஒலி 'ஸேய்'. அதனோடு நீரைச் சேர்த்தால் 'தெளிவு'. ஞாயிற்றைச் சேர்த்தால் 'வானம் வெளுத்தல்'. அரிசியைச் சேர்த்தால் 'தூய்மையாக்குதல்'. பேச்சைச் சேர்த்தால் 'வேண்டிக்கொள்ளுதல்'. நீல நீர் தெளிவு, நீல வானம் நல்ல பகல் என்று சொல்லி மகிழலாம். நீல அரிசியையும் நீலப் பேச்சையும் என் செய்வது? நான்கிற்கும் ஒலி 'ஸேய்' என்று அறிந்த மாத்திரத்தில் ஐயம் நீங்குகின்றது. ஒலியுறுப்பு சிலவிடத்துப் பொருளுக்கும் சிறிது துணை புரியும் என்பது உண்மையே. எனினும் ஒலியே அதன் முதற்கடமை.

இதனால் மாணாக்கருக்கு ஓர் எளிய சோதனை கிடைக்கின்றது. ஜப்பானியர் ஒரே எழுத்தைத் தம் நாட்டுச் சொல்லாகவும் சீனவழி ஒலியாலும் படிப்பர். மலை என்பது தனித்து நிற்கையில் 'யாமா'. ஃபூஜி மலையின் பெயரில் 'சான்'. இவற்றுள் சீனவழி ஒலியையே சோதனைக்குக் கொள்ளல் வேண்டும். முழு எழுத்தின் ஒலியும் உறுப்பின் ஒலியும் ஒத்திருப்பின், அவ்வுறுப்பு ஒலிக்காக வந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பல நூற்றாண்டுகளில் ஒலிகள் திரிந்தமையால் ஒற்றுமை சிலபோது குறைந்து தோன்றும். பௌத்தக் கோயிலைக் குறிக்கும் எழுத்தின் ஒலி 'ஜீ'. பேச்சோடு அது சேர்ந்து 'கவிதை' ஆகுங்கால் ஒலி 'ஷீ'. கோயிலிற் பேசும் மொழியே கவிதை என்பது அழகிய கதை. ஆனால் அது கதையே.

கற்றோரும் இதில் தவறியதுண்டு. கி.பி. 100-ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் என்னும் சீனப் புலவர் 9,353 எழுத்துக்களை 540 தலைப்புக்களின்கீழ் வகுத்து ஓர் அரிய அகராதி செய்தார். கிழக்கு என்னும் எழுத்தை, மரத்தினிடையே தோன்றும் ஞாயிறு என்று அவர் விளக்கினார். இன்றும் பாடநூல்கள் பலவற்றில் இவ்விளக்கம் வருகின்றது. ஆயின், 1899-ஆம் ஆண்டில் அறிஞர் கண்ணுக்குப் புலனான, ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த மிகப் பழைய எழுத்துக்கள் ஷூ ஷென் காணாதவை. அவற்றில் இவ்வெழுத்து, இருமுனையும் கட்டிய ஒரு பையின் வடிவாகக் காணப்படுகின்றது என்றும், கிழக்கு என்னும் சொல்லின் ஒலியை ஒத்தமையால் அதற்கு இரவலாக வந்தது என்றும் அறிஞர் பலர் கொள்கின்றனர்.

வேதாகம வாசகர்களுள் சிலர் கூறும் ஒரு விளக்கமும் இங்கே கருதத்தக்கது. கப்பல் என்னும் எழுத்தில் ஓடம், எட்டு, வாய் என்னும் மூன்றும் காணப்படுதலால், பேழையில் நோவாவோடு பிழைத்த எட்டுப் பேரின் ஞாபகம் அதில் உள்ளது என்பர். எட்டும் வாயும் போலத் தோன்றும் அப்பகுதி, சேர்ந்து ஒரே ஒலியுறுப்பாகும். ஈயம் என்னும் எழுத்திலும், கரையோரமாகச் செல்லுதல் என்னும் எழுத்திலும் அதுவே வருகின்றது. ஈயத்தில் எட்டுப் பேர் இல்லை. மெய்யான ஒன்றற்குப் பொய்யான சான்று துணையாகாது. சான்று பொய்யென்று தெரியும் நாளில், கேட்டவன் மெய்யையும் ஐயுறுவான்.

பிற்காலத்துத் திருத்தங்களையும் மறத்தலாகாது. 1946-ஆம் ஆண்டில் 1,850 எழுத்துக்களைப் பொதுவழக்குக்கென வரையறுத்து, 1949-ஆம் ஆண்டில் பலவற்றின் வடிவை எளிதாக்கினர். 'விற்றல்' என்னும் எழுத்து அப்போது தன் சோழியை இழந்தது. 'வாங்குதல்' இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றது. எனவே, இன்றைய வடிவை மட்டும் கண்டு பழம்பொருளைத் துணிதல் தகாது.

அங்ஙனமாயின் கதைகளை விட்டுவிடுவதா என்று கேட்கலாம். விட வேண்டுவதில்லை. நினைவுக்கு ஊன்றுகோலாகத் தாமே கட்டிய கதையை மாணாக்கர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதனை எழுத்தின் வரலாறென்று பிறருக்குப் போதித்தலே கூடாது. புதிய எழுத்து ஒன்றைக் கண்டால், முதலில் அதன் பொருளுறுப்பைத் தேடுக. அடுத்து ஒலியுறுப்பைத் தேடுக. அவ்வொலியுறுப்பை உடைய பிற எழுத்துக்களை ஒரே ஏட்டில் வரிசையாக எழுதி வைக்க. இவ்வாறு செய்பவனுக்கு ஓர் எழுத்தைக் கற்ற உழைப்பினாலே அதன் சுற்றத்தார் நால்வர் ஐவர் அறிமுகமாவர். இரண்டாயிரம் எழுத்தும் இரண்டாயிரம் அந்நியராய் நில்லாமல், சில நூறு குடும்பங்களாய் அமைந்துவிடும்.