கடைசற் பொறியும் பட்டறைத் தரையும்

லேத் எனப்படும் கடைசற் பொறியின் படுகை கனத்த வார்ப்பிரும்பினால் ஆனது. ஆகவே அது முறுகாது என்று பலரும் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. பாதங்களுள் ஒன்று தரையிற் சரியாகப் படியாவிடின், பொறியின் எடையும் இறுக்கப்பட்ட போல்ட்டுகளும் படுகையை முறுக்கிவிடும். முறுக்கம் கண்ணுக்குப் புலனாவதில்லை. கடைந்த உருளை ஒரு முனையிற் பருத்தும் மறுமுனையிற் சிறுத்தும் வரும்போதே அது வெளிப்படும்.

பயிற்சி நிலையங்களில் இக்குறை மாணவன் தலையில் சுமத்தப்படுவதுண்டு. தரை தவறு செய்ய, மதிப்பெண் இழப்பவன் அவன். வேறு சிலர் ஹெட்ஸ்டாக்கைத் தளர்த்தித் திருப்ப முற்படுகின்றனர். தொழிற்சாலையில் நுட்பமாகப் பொருத்தப்பட்ட அமைப்பு இதனாற் கெடுகிறதேயன்றி மூலக்குறை தீர்வதில்லை.

சிறு பள்ளம் எவ்வளவு பிழையாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். படுகைத் தடங்களின் இடையகலம் 300 மி.மீ., தடங்களுக்கு மேல் வெட்டுளியின் உயரம் 200 மி.மீ., படுகையின் நீளம் 1,500 மி.மீ. என்க. டெயில்ஸ்டாக் முனையில், தொழிலாளி நிற்கும் பக்கத்துத் தடம் 0.15 மி.மீ. தாழ்ந்திருப்பின், அம்முனையை அடையும் வெட்டுளி 0.15 × 200 ÷ 300, அதாவது 0.1 மி.மீ. அச்சை விட்டு விலகும். விட்டத்தில் இது 0.2 மி.மீ. ஆகும். முறுக்கம் நீளம் முழுவதும் சீராகப் பரவியிருப்பின், 200 மி.மீ. நீளமுள்ள துண்டிற்கூட விட்டம் ஏறக்குறைய 0.027 மி.மீ. வேறுபடும். மைக்ராமீட்டர் இதனை எளிதிற் காட்டிவிடும்.

சோதனைக்கு, மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் நுண்ணிய ரசமட்டம் தேவை. கொத்தனாரின் மட்டம் இதற்குப் பயன்படாது. அதனைப் படுகையின் குறுக்கே, முதலில் ஹெட்ஸ்டாக் அருகிலும் பின்னர் மறுமுனையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். ஈரிடத்திலும் குமிழி ஒரே நிலையில் நிற்பதே முக்கியம். முறுக்கமின்றி முழுப் பொறியும் ஒரு பக்கம் சிறிது சாய்ந்திருப்பதால் வேலையின் அளவு கெடாது. அலையில் ஆடும் கப்பலின் பட்டறையிலும் லேத் இயங்குகிறதல்லவா?

பின்னர், தடித்த எஃகுத் துண்டொன்றைச் சக்கில் மட்டும் பற்றி, இரு முனைகளிலும் ஒரே உளி அமைப்பில் மெல்லிய வெட்டுக் கொடுத்து அளக்கவேண்டும். டெயில்ஸ்டாக்கின் துணை இங்குக் கூடாது. அதுவும் அதே படுகையின்மீது நின்று உடன் சாய்வதால் முறுக்கத்தை மறைத்துவிடும். சக்கிற்கு அப்பாலுள்ள முனை பருத்திருப்பின், டெயில்ஸ்டாக் பக்கத்து முன்பாதத்தைச் சிறிது உயர்த்துக, சிறுத்திருப்பின் தாழ்த்துக. முறுக்கம் நீங்கிய பின்னும் வேறுபாடு நிலைத்தால் மட்டுமே ஹெட்ஸ்டாக்கை ஐயுறவேண்டும்.

பாதத்தின் அடியில் மரச்சக்கையோ அட்டையோ வைத்தல் ஆகாது. அவை நாளடைவில் நசுங்கும். எஃகுத் தகடோ ஆப்போ வேண்டும். தொங்கும் பாதத்தை நட்டை முறுக்கித் தரைக்கு இழுப்பது படுகையை முறுக்குவதேயாகும். பாதம் தானாகப் படிந்த பின்னரே நட்டை இறுக்கலாம். ஒரு பாதம் தொங்கிய நிலையில் பொறி இயங்கினால் அதிர்வு மிகுந்து, கடைந்த பரப்பில் அலைபோன்ற கோடுகள் விழும்.

புதிய கான்கிரீட் தரை முதற் சில மாதங்கள் சுருங்கிக்கொண்டும் அமிழ்ந்துகொண்டும் இருக்கும். தக்காணத்தின் கரிசல் நிலமோ மழையிற் பருத்து வேனிலிற் சுருங்கும் இயல்புடையது. அத்தகைய நிலத்தில் ஆழமற்ற அடித்தளத்தின்மீது நிற்கும் பொறியை மழைக்காலத்தின் முடிவில் ஒரு முறையும், கோடையின் முடிவில் மற்றொரு முறையும் மட்டம் பார்த்து, அளவுகளைத் தேதியுடன் பொறியின் பதிவேட்டிற் குறித்து வருதல் வேண்டும்.