அமைச்சரின் பதிலைப் படிக்கும் முறை

பாராளுமன்றக் கூட்டத் தொடர் நடைபெறும் காலங்களில் நாளிதழ்களில் ஒரு வகைச் செய்தி தவறாமல் வருவதை நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். கைத்தறிக்கு நூல் மானியம், கரும்புக்கு விலை உயர்வு, புதிய இரயில் பாதைக்கு ஒப்புதல் என ஏதேனும் ஒன்று, 'அமைச்சர் பதில்' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகளில் அச்சாகியிருக்கும். இதைக் கண்டவுடன் சிலர் மகிழ்ந்து, பயன் கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணிக் கணக்குப் போடத் தொடங்குவர். வேறு சிலரோ, 'இதெல்லாம் வெறும் பேச்சு' என்று தாளை மடித்து வைத்துவிடுவர். இவ்விரு சாராருமே அப்பதிலைப் படிக்கவில்லை என்பது நமது கருத்து.

தறியில் அமர்ந்திருப்பவருக்கும் மரவள்ளி பயிரிடுபவருக்கும் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். அரூர் வட்டாரத்தில் ஒரு குடும்பம் வரும் பருவத்தில் கரும்பு நடுவதா, மஞ்சள் நடுவதா என்று முடிவு செய்வதும், பாதை வரப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு நிலத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிப்பதும் இத்தகைய நான்கு வரிகளைக் கொண்டுதான். தவறாகப் படித்தால் நட்டம் நம்முடையதே. ஆகவே இம்மாதம் இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமை நம் நாட்டுச் சட்டசபைகளுக்கு 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தால் முதன்முதலாகக் கிடைத்தது. முதற் கேள்வி 1893 பிப்ரவரி 16-ஆம் நாள் கேட்கப்பட்டது. கேட்டவர் பிங்கா சமஸ்தானத்து அரசர். கேட்ட விஷயம்தான் நாம் கவனிக்கத்தக்கது. அதிகாரிகள் கிராமங்களில் முகாமிடும்போது அவர்களுக்குப் பண்டங்களைச் சேகரித்துக் கொடுக்கும் வழக்கத்தால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியதே அக்கேள்வி. படையையோ வரவு செலவுத் திட்டத்தையோ பற்றிப் பெரிதாக எதுவும் அன்று கேட்கப்படவில்லை. ஒரு கிராமத்துக் கடைக்காரனின் அரிசியும் பருப்புமே அந்த உரிமையைத் தொடங்கி வைத்தன. கேள்வி கேட்டவரே ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம் என்ற உரிமை பின்னர் 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு வந்தது.

இன்றைய முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அது நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். வந்த கேள்விகளைக் குலுக்கி வரிசைப்படுத்துகின்றனர். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் இருபது; குறியிடாதவை 230. நட்சத்திரக் குறி பெற்ற கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் உறுப்பினர்கள் துணைக் கேள்வி தொடுக்கலாம். குறியில்லாதவற்றிற்கு எழுத்து மூலமான பதில் மட்டுமே உண்டு. அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்திற்குள் சிலவே எடுத்துக்கொள்ளப்படும். எஞ்சியவற்றின் பதில்கள் அவையின் மேசைமேல் வைக்கப்படும். 2020 செப்டம்பர்க் கூட்டத் தொடரில் தொற்று நோயைக் காரணமாகக் காட்டிக் கேள்வி நேரமே நிறுத்தப்பட்டு, எழுத்துப் பதில்கள் மட்டும் தரப்பட்டன.

எழுத்துப் பதிலைத் தயாரிப்பவர் அமைச்சகத்தின் அலுவலர். அதில் அவர் நினைத்தது மட்டுமே இருக்கும். துணைக் கேள்வியோ எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் ஓர் அமைச்சருக்குத் தம் துறையில் எவ்வளவு பிடிமானம் உண்டு என்பது அந்த நேரத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

இதற்கு நம் தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. 1957 செப்டம்பரில் டாக்டர் ராம் சுபக் சிங் என்னும் உறுப்பினர், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் செய்த பங்கு முதலீட்டைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். கேள்வி சிறியது, அதற்குக் கிடைத்த பதில் யாருக்கும் மனநிறைவு தரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி அதே விஷயத்தை ஆதாரங்களோடு அவை முன் வைத்தார். ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில், பாலிசிதாரர்களின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் போடப்பட்டிருந்தது வெளியாயிற்று. நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது. நிதி அமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். முன்னர் வர்த்தக, தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், மில் துணியின் மீது கூடுதல் தீர்வை விதித்து அப்பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வகை செய்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய துறையைச் சேர்ந்ததே என்பதை நெசவாளர்கள் அறிவர். அத்தகையவரின் பதவியையும் அசைத்தது ஒரு சிறு கேள்வியின் தொடர்ச்சிதான்.

இனி, பதில்களின் சொற்களைப் பார்ப்போம். 'இவ்விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்ற சொற்றொடரைப் போல் நம்மவர்களின் சலிப்புக்கு ஆளானது வேறில்லை. ஒன்றும் நடவாது என்பதற்கு அதுவே அடையாளம் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. மக்களவையில் 1953-ஆம் ஆண்டு முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்ற ஒரு குழு இருந்து வருகிறது. அமைச்சர் எந்தெந்தச் சொற்களைக் கூறினால் அது உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே உண்டு. 'பரிசீலனையில் உள்ளது', 'விசாரித்துத் தெரிவிப்பேன்', 'கவனிப்பேன்' முதலியவை அப்பட்டியலில் அடங்கும். அவ்வாறு பதிவானதை மூன்று மாதத்திற்குள் நிறைவேற்ற வேண்டும். இயலாவிடில் காரணம் கூறி அவகாசம் கேட்க வேண்டும். அவகாசம் மேல் அவகாசமாக ஆண்டுகள் ஓடுவதும், உறுதிமொழியைக் கைவிடுமாறு அமைச்சகமே குழுவிடம் வேண்டிக்கொள்வதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கணக்கில் கடனென்று எழுதப்பட்ட தொகை, எழுதப்படாத தொகையைவிட மேலானதன்றோ! சங்கத்தில் பற்று வரவு எழுதிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, நான்கு பக்கம் புள்ளி விவரம் தந்து, திட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பதில் மிகத் தாராளமானதாகத் தோன்றும். அதைத் தேடிப் பார்த்தால், இனி இன்னதைச் செய்வோம் என்ற சொல் ஒன்றும் அகப்படாது. அப்பதிலினால் அரசுக்கு எக்கடனும் ஏற்படுவதில்லை.

கரும்பு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்புவோர் நம்மிடையே உள்ளனர். 2025–26 சர்க்கரைப் பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான, ஆதாய விலை குவிண்டாலுக்கு ரூ. 355. தலைப்புச் செய்தி இதுவே. இந்த விலை 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, அதாவது நூறு கிலோ கரும்பில் பத்தேகால் கிலோ சர்க்கரை கிடைக்கும் நிலைக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்திற்கும் ரூ. 3.46 கூடும், கீழே அவ்வாறே குறையும். 9.5 சதவீதத்திற்குக் குறைவான ஆலைகளில் குறைப்பு அத்தோடு நின்று, ரூ. 329.05 என்ற விலை கிடைக்கும். டன் கணக்கில் பார்த்தால் 3,550 ரூபாய்க்கும் 3,290 ரூபாய் 50 காசுக்கும் உள்ள வேறுபாடு 259 ரூபாய் 50 காசு. நாற்பது டன் வெட்டும் குடியானவருக்கு இது 10,380 ரூபாய். அவ்வளவு பணமும் பதிலின் இரண்டாம் வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. நாளிதழோ முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறது. தலைப்பின் விலையை நம்பிக் கடன் வாங்கும் முன், நம் ஆலையின் பிழிதிறன் சென்ற பருவத்தில் எவ்வளவு என்று கேட்டறிவது நலம்.

கரும்புப் பண பாக்கியைப் பற்றிய பதில்களிலும் ஒரு சொல் உண்டு. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி. இதைக் கூறிய பின், உத்தரவைச் செயற்படுத்தும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு அளிக்கப்பட்டுள்ளது என்று மத்திய அமைச்சர் முடிப்பார். இது தட்டிக் கழித்தல் அன்று. அடுத்த கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்பதற்கு அவரே காட்டும் வழி. விலையைப் பற்றிய கேள்வி டில்லிக்கு. வசூலைப் பற்றிய கேள்வி சென்னைச் சட்டமன்றத்திற்கு.

இரயில் பாதை விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் குறுகிய பாதை ஒன்று போடப்பட்டுப் பின்னர் ஓசூர் வரை நீட்டப்பட்டது. யுத்த காலத்தில், 1941-இல், அது எடுக்கப்பட்டது. மீண்டும் பாதை வேண்டுமென்ற கோரிக்கை தலைமுறைகளைக் கடந்து வந்தது. 36 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை 2016–17 இரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னும் நிலம் கையகப்படுத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தகைய பாதைகளைப் பற்றிய பதிலில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'அனுமதிக்கப்பட்டது' என்றால் திட்டம் ஏட்டில் ஏறிவிட்டது, அவ்வளவே. 'ஒதுக்கப்பட்டது' என்றால் அவ்வாண்டுக்கு ஒரு தொகை உண்டு. ஆனால் சில ஆண்டுகளில் சில பாதைகளுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் பெயருக்கு ஒதுக்கிய வழக்கமும் இரயில்வேயில் உண்டு. 'செலவிடப்பட்டது' என்ற தொகைதான் மண்ணில் விழுந்த மண்வெட்டிக்குச் சமம். நிலம் பாதை வழியில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு இடைத்தரகரிடம் முன்பணம் பெற்றுக்கொள்ள எண்ணுபவர், மூன்றாவது சொல் பதிலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இரயில்வே அமைச்சகம் பெரும்பாலும் பதிலை மண்டல வாரியாகவே தரும். மாநில வாரியாகத் தராது. மொரப்பூர் தெற்கு இரயில்வேயைச் சேர்ந்தது. தர்மபுரி நிலையமோ தென்மேற்கு இரயில்வேயைச் சேர்ந்தது. பாதையின் பெயரைக் குறிப்பிடாமல் 'தமிழ்நாட்டுத் திட்டங்கள் எந்நிலையில் உள்ளன?' என்று கேட்டால், நமது 36 கிலோமீட்டர் பெரிய கூட்டுத்தொகையில் கரைந்துபோகும்.

இதிலிருந்து கேள்வியை அமைக்கும் முறைக்கு வருகிறோம். பாராளுமன்ற உறுப்பினருக்கு நம் சங்கங்கள் அனுப்பும் மனுக்களில் உணர்ச்சி மிகுதி, எண்கள் குறைவு. அவை விதிப்படி கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும். வாதம், குத்தல், அபிப்பிராயம் கேட்டல் எதுவும் கூடாது. 'கைத்தறி நெசவாளர் நூல் கிடைக்காமல் வாடுவதை அரசு அறியுமா?' என்று கேட்டால், 'அத்தகைய புகார் வரவில்லை' என்ற ஒரு வரியில் கதவு மூடப்பட்டுவிடும். 2021–22 முதல் 2025–26 வரைக்கு வகுக்கப்பட்ட மூலப்பொருள் வழங்கும் திட்டத்தில், பருத்திச் சிட்டா நூலுக்கு 15 சதவீத விலை மானியம் உண்டு. அளவு வரம்பும் உண்டு. ஆகவே கேள்வி இவ்வாறு அமையட்டும்: தர்மபுரி மாவட்டத்தில் இம்மானியத்தின் கீழ் ஆண்டுவாரியாக வழங்கப்பட்ட சிட்டா நூல் எத்தனை கிலோ? பயனடைந்த நெசவாளர் எத்தனை பேர்? ஒரு தறிக்கு விதித்த வரம்பு எவ்வளவு? அவ்வரம்பை உயர்த்தும் யோசனை உண்டா, உண்டெனில் எப்போது? முதல் மூன்றுக்கும் எண்தான் பதிலாக வர முடியும். நான்காவதற்கு 'இல்லை' என்று வந்தால் நிலைமை தெளிவாகும்; 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால் அது உறுதிமொழிக் குழுவின் ஏட்டில் ஏறும்.

பதில்கள் அனைத்தும் தேதியோடும் எண்ணோடும் பாராளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. சங்கத்தில் கணினி அறிந்த இளைஞர் ஒருவர் நமது மாவட்டத்தைத் தொடும் பதில்களை எடுத்து, தேதி, கேள்வி எண், அமைச்சகம், உறுதிமொழி உண்டா இல்லையா என்ற நான்கு பத்திகளோடு ஒரு நோட்டில் எழுதி வரலாம். உறுதிமொழி என்று குறித்தவற்றிற்கு எதிரே மூன்று மாதம் கழித்து வரும் தேதியையும் எழுதி வைத்தால், அந்நாளில் உறுப்பினருக்கு ஒரு தபால் அட்டை எழுதப் போதுமானதாகும்.