புயல் நாளில் துணையும் நிம்மதியும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது தெதுறு ஓயாவும் கலா ஓயாவும் பெருக்கெடுத்தன. புத்தளம் மாவட்டத்தில் பல ஊர்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. அடுத்த மழைக்கு முன் கவனிக்க:

● ஊரில் மேட்டில் இருக்கும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை, பாடசாலை எது? தங்க இடம் உண்டா? கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

● அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துகளோடு செபமாலை, திருநீறு, குர்ஆன் எதுவானாலும் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

● கடும் மழையில் வீட்டிலேயே தொழ இஸ்லாமிய மார்க்கத்தில் சலுகை உண்டு. தலவில அன்னம்மாளையும் முன்னேஸ்வரநாதரையும் இருந்த இடத்திலிருந்தே வேண்டலாம். வெள்ளம் பாயும் வீதியைக் கடக்காதீர்கள்.

● முகாமில் பொதுச் சமையலென்றால் சோறும் பருப்பும் மரக்கறியும் எல்லோருக்கும் பொருந்தும். தொழவும் செபிக்கவும் ஒரு மூலையை ஒதுக்குங்கள். பாய், துணி அருகே விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்ற வேண்டாம்.

● தனித்திருக்கும் முதியவர் ஒருவரை ஒவ்வொரு வீடும் பொறுப்பெடுக்கட்டும்.

● வதந்தி பயத்தைக் கூட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் போன்ற அரச நிறுவனங்களின் அறிவித்தலை மட்டும் நம்புங்கள்.

● வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுங்கள்; கொதித்தாறிய நீரையே குடியுங்கள்.

● தூக்கமின்மை, பதற்றம் தொடர்ந்தால் மறைக்காதீர்கள். மனநல உதவிக்கு 1926, அனர்த்த உதவிக்கு 117, அம்புலன்சுக்கு 1990.