குளச்சல் போரில் வென்றது எது?

நுழையும்முன்
ஒரு போரின் முடிவுக்குக் காரணம் படையின் வலிமையா, தலைவனின் திறமையா, தற்செயலா? சான்றுகளைச் சீர்தூக்கி முடிவு காணும் முறையை இப்பாடத்தில் பயில்வோம்.

கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களின் வழியே தக்கலையை அடைகிறது. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம், 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. அதற்குத் தென்மேற்கே கடற்கரையில் குளச்சல் என்னும் துறைமுகம் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை, இவ்வூர்களும் கரமனையும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன.

1741ஆம் ஆண்டு குளச்சலில் ஒரு போர் மூண்டது. அதற்குக் காரணம் மிளகு. மிளகு விளையும் சிற்றரசுகளை மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அதனால் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வாணிகம் குலையும் என அஞ்சியது. இலங்கையிலிருந்து வந்த அதன் படை, குளச்சலில் இறங்கித் தலைநகரை நோக்கி முன்னேறியது. மன்னர் வடக்கேயிருந்து விரைந்து வந்தார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இராமய்யன் அப்போது அவருடைய தளவாய். ஒல்லாந்தர் பின்வாங்கிக் கடற்கரையிலிருந்த தம் அரணுக்குள் அடைந்தனர். திருவிதாங்கூர்ப் படை அவ்வரணைச் சூழ்ந்துகொண்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஒல்லாந்தர் சரணடைந்தனர்.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? இதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

'தற்செயலே வென்றது' என்பது முதல் தரப்பு. முற்றுகையின்போது அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாய் தீப்பற்றி வெடித்தது. சேமித்து வைத்திருந்த அரிசி எரிந்து போயிற்று. உணவிழந்த படை சில நாள்களில் பணிந்தது. அந்தப் பீப்பாய் வெடிக்காதிருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பது இவர்கள் வாதம்.

'முற்றுகையே வென்றது' என்பது இரண்டாம் தரப்பு. அரிசி எரிந்தது உண்மைதான். ஆயினும் ஊருக்குள் செல்லும் வழிகள் திறந்திருந்தால், ஒல்லாந்தர் வேறு அரிசி பெற்றிருப்பர் அல்லவா? வழிகள் அடைபட்டிருந்ததால்தான் அந்தத் தீ பேரிழப்பாயிற்று. ஆகஸ்ட், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதம். கடல்வழி உதவியும் எளிதன்று. 1812இல் உருசியாவிற்குள் நுழைந்த நெப்போலியனின் பெரும்படையையும் போர்களோடு சேர்ந்து பசியும் குளிருமே அழித்தன என்பதை இவர்கள் எடுத்துக்காட்டுவர்.

'தலைவனின் தேர்வே வென்றது' என்பது மூன்றாம் தரப்பு. அக்கால ஐரோப்பியக் காலாட்படை, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் துப்பாக்கியால் சுடும் பயிற்சி பெற்றது. திறந்த வெளியில் அவ்வரிசையை எதிர்ப்பது கடினம். அரணுக்குள் அடைபட்டபின் அதனால் பெரும்பயன் இல்லை. புறத்திணை இலக்கணப்படி கூறினால், வெட்டவெளியில் பொருதும் தும்பைப் போர் ஒல்லாந்தருக்கு ஏற்றது. அதை விடுத்து, அரணை முற்றுகையிடும் உழிஞைப் போரை மன்னர் மேற்கொண்டார். பகைவரோ அரண் காக்கும் நொச்சியாராக நேர்ந்தது.

இவற்றை எடைபோட ஒரு வழி உண்டு. ஒவ்வொரு காரணத்தையும் நீக்கிப் பார்க்க வேண்டும். தீ விபத்தை நீக்கினால், முற்றுகை மேலும் நீண்டிருக்கும். முற்றுகையை நீக்கினால், தீ விபத்து ஒரு சிறு இழப்பாகவே முடிந்திருக்கும். ஆகவே, தற்செயல் வெற்றியை விரைவுபடுத்தியது. முற்றுகையே அதற்கு அடிப்படையாயிற்று எனலாம்.

போருக்குப் பின் நடந்ததில் தற்செயலுக்கு இடம் இல்லை. சிறைப்பட்டவர்களுள் டிலனாய் என்னும் ஐரோப்பியரும் ஒருவர். மன்னர் அவரைத் தம் படைக்குப் பயிற்சியாளராக்கினார். தம்மிடம் இல்லாத கலையைப் பகைவரிடமிருந்தே கற்கலாம் என அவர் கருதினார். தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டையில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. வீரர்கள் புதுமுறைப் பயிற்சி பெற்றனர். டிலனாய் 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்று, 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே பணியாற்றினார். அவர் மேற்பார்வையில் வலுப்பெற்ற நெடுங்கோட்டை என்னும் எல்லை அரண், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்தது. எனினும் அடுத்த ஆண்டில் அதுவும் தகர்ந்தது. எந்த அரணும் என்றென்றும் காப்பதில்லை.

உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை உள்ளது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னருக்குப் பணியாற்றிய தளபதியை நினைவுகூர அம்மண் தேர்ந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. நாகர்கோவிலுக்குச் செல்லும் வழியில் தக்கலையில் இறங்கினால், மாணவர்கள் அதைத் தாமே படித்துப் பார்க்கலாம்.

சொற்பொருள்
அரண் – காவல், கோட்டை
தளவாய் – அமைச்சரும் படைத்தலைவருமாகிய உயர் அலுவலர்
சீர்தூக்குதல் – எடைபோட்டு ஆராய்தல்
பொருதல் – போரிடுதல்

பயிற்சி
1. தும்பை, உழிஞை, நொச்சி ஆகியவற்றைக் குளச்சல் போரைக் கொண்டு விளக்குக.
2. மூன்று தரப்புகளுள் உமக்கு உடன்பாடானது எது? எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்றைக் கூறி, அதற்கு விடை தருக.
3. திருக்குறளின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் அதிகாரங்களுள் ஒன்றைப் படித்து, அதன் கருத்தை இப்போரோடு பொருத்தி ஐந்து தொடர்கள் எழுதுக.