காவிரி வழக்கில் விவசாயிகள் சங்கத்தின் பங்கு

மேட்டூர் அணையை ஜூன் 12ந் தேதி திறந்தால் ஆற்றுப் பாசனக் குறுவைக்கு நல்லது என்பதை டெல்டா விவசாயிகள் அறிவார்கள். அணைக்கு வர வேண்டிய தண்ணீரின் அளவு எப்படி முடிவாயிற்று, அதில் விவசாயிகளின் பங்கு என்ன என்பது பலருக்குத் தெரியாது.

பேச்சில் கழிந்த காலம்

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924ல் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்டன. 50 ஆண்டுகளுக்குப் பின் சில ஷரத்துக்களை மறுபரிசீலனை செய்யலாம் என்பது ஏற்பாடு. 1971ல் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. பேசித் தீர்க்கலாம் என்று 1972ல் அதை வாபஸ் பெற்றது. பேச்சு நீண்டதே தவிர முடிவு வரவில்லை.

சங்கம் தொடுத்த வழக்கு

1983ல் தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தது. இதில் முன்நின்றவர் மன்னார்குடி ரங்கநாதன். தகராறைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பதே கோரிக்கை.

ஆனால் 1956ம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டப்படி நடுவர் மன்றம் கேட்கும் உரிமை மாநில அரசுக்கே உண்டு. தனி விவசாயிக்கோ சங்கத்துக்கோ இல்லை. 1986 ஜூலையில் தமிழக அரசு மத்திய அரசிடம் முறைப்படி கோரியது. சங்கத்தின் மனுவையும் கோர்ட்டில் ஆதரித்தது. இதனால் மனு நிலைத்தது. நடுவர் மன்றம் அமைக்கும்படி 4-5-1990ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2-6-1990ல் மன்றம் அமைந்தது.

சங்கம் மட்டும் போயிருந்தால் மனு சட்டத்தில் தட்டியிருக்கும். அரசு மட்டும் கேட்டிருந்தால் கோரிக்கை டில்லியில் மேலும் பல காலம் கிடந்திருக்கக்கூடும்.

கிடைத்தது என்ன?

1991ல் இடைக்கால உத்தரவு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்றது. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.) 2007ல் வந்த இறுதித் தீர்ப்பு, பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. 2018ல் சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆகக் குறைத்தது. தமிழகத்தின் நிலத்தடி நீரும் கணக்கில் சேர்ந்தது. அதே ஆண்டு காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

அளவு குறைந்தது உண்மையே. ஆயினும் மாதவாரியாக இவ்வளவு என்ற கணக்கும், அதைக் கேட்க ஓர் இடமும் உண்டாயின. இதற்கு 35 ஆண்டுகள் பிடித்தன.

சிறு விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, காய்ந்த பரப்பு ஆகியவற்றை நோட்டில் குறித்து வைக்கவும். கணக்கில்லாத குறை எடுபடாது.

2. தனி மனுவுடன் நில்லாமல், ஒரே வாய்க்காலில் பாயும் விவசாயிகள் கூடித் தீர்மானம் எழுதிக் கையெழுத்திடவும். தலைமடைக்காரர்களையும் கடைமடைக்காரர்களையும் சேர்த்துக்கொள்வது அவசியம்.

3. யாருக்கு அதிகாரம் உண்டோ அவரிடம் மனுக் கொடுக்கவும். மதகுப் பழுதுக்குப் பாசனப் பிரிவு அதிகாரியை அணுகவும். தீராவிட்டால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது பெறவும்.

4. மனுவின் நகலையும் வந்த பதிலையும் பத்திரப்படுத்தவும். நிர்வாகிகள் மாறினாலும் சங்கத்தின் கட்டு தொலையக் கூடாது. நீண்ட வழக்குக்கு அதுவே ஆதாரம்.