இரவில் கெண்டைக்கால் பிடிப்பு: காரணங்களும் பரிகாரங்களும்

நள்ளிரவில் அயர்ந்து உறங்கும் ஒருவர் திடீரெனக் காலைப் பற்றிக்கொண்டு அலறி எழுகின்றார். அவருடைய ஆடுசதை கல்லைப்போல் இறுகித் திரண்டு நிற்கின்றது. பாதம் கீழ்நோக்கி வளைந்துவிடுகின்றது. சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ இறுக்கம் தானே தளர்ந்துவிடும். ஆயினும் நோவு மறுநாள் வரையிலும் நீடிப்பதுண்டு. இதனைக் குரக்குவலி என்பர். பேச்சு வழக்கில் ‘நரம்பு இழுக்கிறது’ என்று கூறுவர்.

இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதன்று. ஆனால், இதைப் போக்குவதற்கு மக்கள் தாமாகவே கையாளும் சில முறைகள் இந்நோவைக் காட்டிலும் கொடியவை. ஆகவே, மக்களிடையே பணிபுரியும் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

பிடிப்பு எவ்வாறு உண்டாகின்றது?

தசையைச் சுருங்கச் செய்வது நரம்பின் வழியே வரும் தூண்டுதல் ஆகும். பிடிப்பின்போது இயக்க நரம்பு நம் விருப்பமின்றியே இடைவிடாமல் தூண்டுதல்களை அனுப்புகின்றது. படுக்கையில் பாதம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஆடுசதை முன்னரே குறுகிய நிலையில் உள்ளது. அந்நிலையில் அது எளிதில் பிடித்துக்கொள்கின்றது எனக் கருதப்படுகின்றது.

இதை வகுப்பறையிலேயே விளக்கலாம். மாணவர் ஒருவரைப் பெஞ்சியில் அமர்த்தி, காலை நீட்டி, பாதத்தை மெதுவாகக் கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்லுக. ஆடுசதை திரள்வதைக் கையால் தொட்டு உணரலாம். பின்னர் விரல்களை முழங்காலை நோக்கி மேலே இழுக்கச் செய்தால், அதே தசை நீள்வது புலப்படும். பிடிப்புக்கு உரிய முதலுதவியும் இச்செயலே ஆகும்.

யாருக்கு ஏற்படுகின்றது?

வயது முதிர்ந்தோருக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கு, சிறப்பாகக் கர்ப்பத்தின் பிற்பகுதியிலும், இது மிகுதியாக ஏற்படுகின்றது. பலரிடம் தனிப்பட்ட காரணம் எதுவும் புலப்படுவதில்லை. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சுருக்கம், தைராய்டுச் சுரப்புக் குறைவு ஆகியவை உள்ளோரிடமும் இது காணப்படும். இரத்த அழுத்தத்திற்காக அளிக்கப்படும் சிறுநீர் பெருக்கி மருந்துகளும் சிலருக்குக் காரணமாகலாம். அத்தகையோர் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறி இன்னலாக முடியும். மருத்துவரிடம் தெரிவித்து, வேண்டுமாயின் அவரே மாற்றியமைக்கட்டும்.

வியர்வையும் உப்பும்

கடும் வெயிலில் உழைப்போருக்கு வரும் பிடிப்பு வேறு வகையினது. வியர்வையுடன் உப்பும் வெளியேறுகின்றது. அதன்பின் வெறும் நீரை மட்டும் மிகுதியாக அருந்தினால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைகின்றது. 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது அங்கும் தொழிலாளரிடையே இது ஆராயப்பட்டது. செங்கற் சூளையிலும் வயலிலும் பாடுபடும் நம் மக்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் உப்பிட்ட மோரோ கஞ்சியோ பருகி நிழலில் இளைப்பாறுதல் நன்று. ஆயினும் இந்த யோசனையை எல்லோருக்கும் பொதுவாகக் கூறலாகாது. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ள முதியவருக்கு மிகுதியான உப்பு தீங்கு பயக்கும்.

கொயினா வேண்டாம்

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொயினா மலேரியாவுக்குரிய மருந்தாக நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டது. நீலகிரியிலும் டார்ஜிலிங் மலையின் மங்பூவிலும் அம்மரங்கள் அரசினரால் பயிரிடப்பட்டன. 1940-ஆம் ஆண்டு முதல் இரவுப் பிடிப்புக்கும் கொயினா பரிந்துரைக்கப்பட்டு வந்தது. அது பிடிப்பை ஓரளவு குறைக்கும் என்பது மெய்யே. ஆனால், சிலரிடம் இரத்தத்தின் தட்டணுக்களைத் திடீரெனக் குறைத்து இரத்தக் கசிவை விளைவிக்கின்றது. இருதயத் துடிப்பையும் நிலைகுலையச் செய்கின்றது. இதனால் மரணங்களும் நேர்ந்துள்ளன. இக்காரணம்பற்றி அமெரிக்க அரசு 1994-இல், பிடிப்புக்காக மருத்துவர் சீட்டின்றிக் கொயினா விற்பதைத் தடை செய்தது. சில நிமிட நோவுக்காக உயிரைப் பணயம் வைப்பது தகாது. மக்னீசிய மாத்திரைகள் இத்தகைய ஆபத்து உடையனவல்ல. எனினும் முதியோரின் பிடிப்பை அவை குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

செய்யத்தக்கவை

பிடிப்பு ஏற்பட்டவுடன் முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைக் கையாலோ துண்டினாலோ பற்றி, உடலை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். எழுந்து குதிகாலை ஊன்றி நிற்பதும், தசையை இதமாகப் பிசைந்துவிடுவதும் பயன் தரும்.

தடுப்பதற்கு, படுக்கப்போகுமுன் சுவரிலிருந்து இரண்டு அல்லது மூன்றடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால்களைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே சாய வேண்டும். பத்து விநாடிகள் அவ்வாறு நின்று பின் தளர்க. இதைச் சிலமுறை திரும்பச் செய்க. நெதர்லாந்தில் 55 வயது கடந்த 80 பேரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு வாரங்கள் இரவுதோறும் தசைகளை நீட்டியோருக்குப் பிடிப்பு குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வாறே முடியவில்லை. எனினும் இது செலவற்றது, தீங்கற்றது. நிற்கத் தள்ளாடும் முதியோர் அமர்ந்தபடியே துண்டினால் பாதத்தை இழுத்துச் செய்யலாம். போர்வை பாதங்களை அழுத்தாதிருத்தலும் நன்று.

மருத்துவரிடம் அனுப்பவேண்டியவை

1. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, வலி நீடித்தல்: இது இரத்தக் குழாயில் உறைகட்டியாக இருக்கலாம், சிறிதும் தாமதித்தலாகாது.
2. நடக்கும்போது ஆடுசதை வலித்து, நின்றால் தணிதல்: இது இரத்த ஓட்டக் குறைவைக் காட்டும்.
3. கால் மெலிதல், வலுவிழத்தல், மரத்துப்போதல்.
4. வயிற்றுப்போக்கு அல்லது வாந்தியைத் தொடர்ந்து பிடிப்பு வருதல்: உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி அழைத்துச் செல்க.

வீட்டுக்கு வீடு செல்லும் பணியாளர், முதியவர் ஒருவர் தம் கால்வலியைக் கூறும்போது, அவர் உட்கொள்ளும் மருந்துகளை எடுத்துக் காட்டுமாறு கேட்டல் வேண்டும். காரணம் பல சமயம் அப்பெட்டியிலேயே இருக்கும்.