ஆடி மாதத்துப் பிள்ளைகள்

அன்புள்ள மகளுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய குரல்பதிவை நாலு தடவை கேட்டேன். மே மாத லீவுக்கு எங்கே போகலாம் என்று ஒரு கேள்வி. வருஷாவருஷம் ஊருக்கு வந்து போகிற செலவில் பிள்ளைகளுக்கு நாலு நாடு காட்டிவிடலாமே என்று மாப்பிள்ளை சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று இன்னொரு கேள்வி. இதற்கெல்லாம் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பால் பொங்கும், இல்லை உன் பெரியப்பா கூப்பிடுவார். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

டோக்கியோவில் நீ இப்போது இருக்கிற நிஷி-கசாய்க்கு நாங்கள் போனது 1999இல். கம்ப்யூட்டரில் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த வினை 2000 பிறக்கும்போது வெடிக்கும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். அதைச் சரிபார்க்கத்தான் நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக டோக்கியோவுக்கு அழைத்தார்கள். நிஷி-கசாயில் இத்தனை இந்தியர்கள் ஏன் என்று கேட்டாயே, பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தோசாய் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஓதேமாச்சி, அங்கேதான் வங்கிகளின் அலுவலகங்கள். அரசு சார்ந்த யூஆர் வாடகைக் குடியிருப்புகளில் ஜாமீன்தாரர் வேண்டாம். ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்குத் திரும்பிவராத நன்றிப் பணமும் கொடுக்க வேண்டாம். ஜக்மோகன் சந்திராணி என்கிற தேயிலை வியாபாரி எங்களுக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தார். புதிதாய் வந்தவர்கள் பலருக்கு வீடு அமர்த்திக் கொடுத்தவர் அவர். ‘இரண்டு வருஷம்தானே’ என்று சொல்லிக்கொண்டு போனோம். பதினாலு வருஷம் இருந்தோம்.

அந்த இரண்டு வருஷப் பேச்சுதான் எங்களைக் கெடுத்தது. பல வருஷம் நல்ல சாப்பாட்டு மேசை ஒன்றுகூட வாங்கவில்லை. திரும்பிப் போகப்போகிறவர்களுக்கு மேசை எதற்கு? பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் பாதி பிரித்தபடியே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே ஒரு நாடு இருந்தது. நாங்கள் அதை ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி பார்த்தோம்.

பிறகு சம்பளம் கூடியது. அடுத்த பைத்தியம் பிடித்தது. லீவு கிடைத்தால் போதும், பாங்காக், பாலி, சியெம் ரீப். அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்க்க விடிகாலை நாலரைக்குப் பிள்ளைகளை எழுப்பி இழுத்துக்கொண்டு போனோம். 12ஆம் நூற்றாண்டில் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எடுப்பித்த அத்தனை பெரிய கோயிலை உன் அண்ணன் டுக்-டுக்கில் தூங்கியபடியே கடந்தான். இப்போது கேட்டுப் பார், அந்தப் பயணங்களில் அவனுக்கு ஞாபகம் இருப்பது ஓட்டல்களின் நீச்சல்குளங்கள். அதுவும் எது எந்த ஊர் என்று தெரியாது.

அவனுக்கும் அக்காவுக்கும் நன்றாக நினைவிருப்பது வேறு. எங்கள் எடோகவா வட்டாரத்தில் பழைய வாய்க்கால்களைத் தூர்த்துவிடாமல் நீரோடைப் பூங்காவாக ஆக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே கால் நனைத்த ஞாயிற்றுக்கிழமைகள். சாயங்காலம் வட்டார ஒலிபெருக்கியில் ஒரு பழைய மெட்டு ஒலித்ததும் விளையாட்டை விட்டு வீட்டுக்கு ஓடிவந்தது. காமகுராவில் மழையில் நனைந்தபடி பெரிய புத்தரைப் பார்த்த ஒரு நாள். இதற்கெல்லாம் நாங்கள் பெரிதாய்ச் செலவழிக்கவில்லை. திட்டம்கூடப் போடவில்லை.

அதனால் மாப்பிள்ளையிடம் இப்படிச் சொல்: சுற்றுவது என்றால் ஜப்பானுக்குள் சுற்றுங்கள், சின்னச் சின்னதாக. ஊருக்கு வந்தால் சுற்றாதீர்கள், உட்காருங்கள். நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். ஜப்பானில் பெரும்பாலும் வீட்டில் அடைந்து கிடந்தோம். ஊருக்கு வந்த முப்பது நாளில் சொந்தக்காரர் வீடு இருபத்திரண்டு, கோயில் பதினொன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காப்பி, ஒரு சாக்லேட் பெட்டி. பிள்ளைகளுக்கு உங்கள் அம்மாச்சியின் முகத்தைவிட வாடகைக் காரின் பின்சீட்டுதான் அதிகம் பழக்கமாயிற்று.

இனி மே மாத லீவுப் பேச்சுக்கு வருகிறேன். ஏப்ரல் 29, மே 3, 4, 5 என்று விடுமுறைகள் நெருங்கி வருவதால் அந்த வாரத்தில் ஜப்பானே இடம்பெயரும். புல்லட் ரயிலில் இடம் பிடிக்க ஒரு மாதத்துக்கு முன்பு காலை 10 மணிக்குப் பதிவு திறக்கும்; தங்கும் இடத்தின் வாடகையைப் பார்த்தால் மயக்கம் வரும். அந்த வாரம் டோக்கியோவிலேயே இருங்கள். மே 5 பிள்ளைகள் தினம், அதை ஒட்டித் துணியில் செய்த கெண்டை மீன்களைக் கம்பத்தில் பறக்கவிடுவார்கள். கசாய் கடற்கரைப் பூங்காவுக்குச் சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பாய் விரித்து உட்காருங்கள். கூட்டம் கலைந்தபின் ஒரு சனிக்கிழமை காமகுரா போகலாம். ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற சின்னவனுக்கு ரயிலில் டிக்கெட் இல்லை, பெரியவளுக்குப் பாதிக் கட்டணம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்காதே. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது கிடையாது.

எங்கே போனாலும் நம் வீட்டு ஜாடை ஒன்று தட்டுப்படும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டு. அசாகுசா பக்கம் மாத்சுச்சியாமா என்று ஒரு கோயில். அங்கே இருப்பவர் நம்ம பிள்ளையார்தான், சிலையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார்கள். நாம் அறுகம்புல் வைக்கிற இடத்தில் அவர்கள் முள்ளங்கி வைக்கிறார்கள். முழு வெள்ளை முள்ளங்கி! எனோஷிமாவில் வீணைக்குப் பதில் பிவா வைத்திருக்கிற சரஸ்வதி. நாரா பெரிய புத்தருக்கு 752இல் கண்திறப்புச் செய்தவர் போதிசேனர் என்கிற இந்தியத் துறவி. அவர் மதுரைக்காரர் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அதை ஆணையிட்டுச் சொல்லமாட்டேன், ஆனால் அங்கே நிற்கும்போது நம்பத்தான் தோன்றியது.

உன் பெரியப்பா சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு நாங்கள் பட்ட பாட்டையும் கேள். ஒரு மலையூர் விடுதியில் ‘மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம்’ என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். தலையாட்டினார்கள். வந்த கீரையின் மேல் மீன் சீவல் சூட்டில் நெளிந்துகொண்டிருந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. காய்ந்த மீனில் எடுக்கிற ‘தாஷி’ சாறு அவர்களுக்கு நம் பெருங்காயம் மாதிரி. அதை யாராவது மீன் என்று எண்ணுவார்களா? ‘தாஷியும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். அல்லது ஒரு தடவை கோயாசான் மலைக்குப் போய்க் கோயில் விடுதியில் தங்குங்கள். துறவிகள் சமையல், வெங்காயம் பூண்டுகூட இல்லை. விடிகாலையில் ‘கோமா’ என்று தீ வளர்ப்பார்கள். அது நம் ஹோமம், பெயரைக்கூட அதிகம் மாற்றவில்லை. உன் பெரியப்பா ஜப்பானில் வயிறு நிறையச் சாப்பிட்ட இரண்டு நாள் அதுதான்.

வீட்டு விஷயம். அங்கே மின்சாரம் 100 வோல்ட். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகிற மிக்ஸி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது. அமெரிக்காவுக்கென்று செய்கிற 110 வோல்ட் மிக்ஸி கொஞ்சம் மெதுவாக ஓடும், அது போதும். காலை ஏழு மணிக்கு முன்னால் அதை ஓட்டாதே. கீழ் வீட்டுக்காரர் உன்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார், நிர்வாக அலுவலகத்தில் சொல்வார். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. நான் பாத்திரத்தை, அடியில் சூடு தரும் கொத்தாத்சு மேசையின் போர்வைக்குள் வைத்துவிடுவேன். அப்படி வைத்துத்தான் எத்தனையோ ஜனவரியில் இட்லி பூப்பூவாய் வந்திருக்கிறது. குப்பையைக் கிழமை பார்த்து, பிரித்துப் போடு. மொழி தெரியாத எனக்கு அக்கம்பக்கத்தில் மரியாதை வந்ததே குப்பையை ஒழுங்காய்ப் போட ஆரம்பித்த பிறகுதான். வெளியூர் போய்வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னத் தின்பண்டப் பெட்டி கொடு. நாம் ஊரிலிருந்து அல்வா கொண்டுவந்து கொடுக்கிறதில்லையா, அதேதான்.

பெரியவள் பள்ளிக்கூடத்துக்கு மற்றப் பிள்ளைகளோடு நடந்து போகிறாள் என்று நீ அழுதது குரலிலேயே தெரிந்தது. போகட்டும். மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளையை அந்தத் தெருவே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் தமிழ் பேசு. பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் ஜப்பானிய மொழியில் சண்டை போட்டால் விட்டுவிடு. சண்டையை மொழிபெயர்க்க முடியாது.

2011 மார்ச் 11 பூகம்பத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் உன் மனசில் இருக்கும். மதியம் 2:46. டோக்கியோவில் எங்கள் பாத்திர அலமாரி முழுக்கத் தரையில். ரயில்கள் நின்றுவிட்டதால் உன் பெரியப்பா ஓதேமாச்சியிலிருந்து மூன்று மணி நேரம் நடந்தே வந்தார். பள்ளியில், பெற்றவர்கள் போய்க் கையில் வாங்கும்வரை பிள்ளைகளை அனுப்பவில்லை. ஃபுகுஷிமா அணு உலைச் செய்தி வந்ததும் இங்கிருந்து உங்கள் அம்மா உட்பட எல்லாரும் போனில் அழுதார்கள். கிளம்பி வந்துவிட்டோம். தப்பு என்று சொல்லமாட்டேன், பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தோம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினபோது எங்கள் வாசலில் இருந்த செடித் தொட்டிகளுக்கு அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். குனிந்து வணங்கிவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம்தான் நான் மேசை வாங்கினேன். அவசரப் பை ஒன்று வாசலருகே வை. அதோடு, போவதானால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவாய் என்பதையும் இப்போதே யோசித்து வை.

இனி ஊருக்கு வருவது. அங்கே படிப்பு ஏப்ரலில் தொடங்குகிறது. இங்கே மாம்பழமும் கல்யாணமும் நிறைந்த சித்திரை, வைகாசி உன் பிள்ளைகளுக்குக் கிடையாது. பொங்கலும் கிடையாது, அதற்குள் குளிர்கால லீவு முடிந்துவிடும். நீண்ட லீவு ஜூலை 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்டு கடைசி வரை. அதாவது ஆடி. கல்யாணமே நடக்காத மாதத்தில்தான் உன் பிள்ளைகள் சொந்தக்காரர்களைப் பார்ப்பார்கள். என் பிள்ளைகள் ஒரு தாலிகட்டைக்கூட நேரில் பார்க்காமல் வளர்ந்துவிட்டார்கள். ஆவணி பிறந்ததும் வருகிற முதல் முகூர்த்தத்தில் ஒன்றையாவது காட்டிவிட்டுக் கூட்டிப் போ.

ஆனால் நாம் திருநெல்வேலிக்காரர்கள், நமக்கு ஆடி நஷ்டக் கணக்கில்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதம் இது. சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. அம்மன் கோயில்களில் கொடை, ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் காட்டு. மற்ற நாள் வீட்டில் இருக்கட்டும். தாத்தாவோடு ரேஷன் கடைக்குப் போகட்டும், கரண்ட் போனால் திண்ணையில் விசிறியோடு உட்காரட்டும், போரடிக்கிறது என்று புலம்பட்டும். ஊரில் போரடித்த பிள்ளைக்குத்தான் அது ஊர். மற்றவர்களுக்கு அது ஒரு சுற்றுலாத் தலம். வருஷாவருஷம் முடியாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வா, ஆனால் வந்தால் நாலு வாரத்துக்குக் குறையாமல் ஒரே வீட்டில் தங்கு. எந்த வீடு என்று உன் மாமியாரோடு பேசி இப்போதே முடிவு செய்துவிடு. கிளம்புகிற வாரத்தில் பேசினால் சண்டை வரும்.

சிங்கப்பூரிலோ கொழும்பிலோ மாறி மதுரைக்கு வந்துவிடலாம். டிக்கெட்டைச் சீக்கிரம் போடு. ஆகஸ்டு நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை வருவதால் விலை ஏறும். ஊருக்கெல்லாம் சாக்லேட் பெட்டி வாங்காதே. எனக்கு மட்டும் ஷிச்சிமி மிளகாய்ப் பொடி இரண்டு டப்பா. இங்கே கிடைக்கவில்லை, உன் பெரியப்பா அது இல்லாமல் தயிர்சாதத்தை முறைத்துப் பார்க்கிறார்.

அன்புடன்,
பெரியம்மா